செராயில் ஒரு பந்தி, மட்டாஞ்சேரியில் ஒரு தொழுகைக்கூடம்



வரன் பார்ப்பவர்கள் விசாரிக்கும்போதும், வாடகைக்கு வீடு கேட்டு வருபவரைப் பற்றி அக்கம்பக்கத்தில் கேட்கும்போதும் ஒரு நற்சான்று சுலபமாகக் கிடைத்துவிடும்: "சாமிக்குப் பயந்த குடும்பம்." அதற்கு மேல் யாரும் துருவுவதில்லை. இதையே பியூ ஆய்வு மையம் 2019இல் 34 நாடுகளில் ஒரு கேள்வியாகக் கேட்டது. ஒழுக்கத்தோடு வாழக் கடவுள் நம்பிக்கை வேண்டுமா? இந்தியாவில் 79 விழுக்காட்டினர் வேண்டும் என்றார்கள். சுவீடனில் அப்படிச் சொன்னவர்கள் 9 விழுக்காடு. சுவீடன் நேர்மையான நிர்வாகத்துக்குப் பெயர் பெற்ற நாடு. கடவுளைக் கும்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு சான்றிதழுக்காகக் கை நீட்டுகிறவர்களை நம் ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கணக்கு அவ்வளவு நேராக இல்லை.

விடை தேட சுவீடன்வரை போக வேண்டியதில்லை. கேரளத்தில், கொச்சியின் மட்டாஞ்சேரியும் அதைச் சுற்றியுள்ள தண்ணீரும் தீவுகளும் போதும். நூறாண்டுகளுக்கு முன் இந்த வட்டாரத்தில் இரண்டு பேர் வாழ்ந்தார்கள். ஒருவர் கடவுள் இல்லை என்றவர். மற்றவர் யூதர்களின் வேதமான தோராவைக் கையில் ஏந்தித் தொழுதவர். இருவரும் கொச்சி சட்டமன்றத்தில் உறுப்பினர்களாக இருந்தவர்கள்.

முதலாமவர் சகோதரன் அய்யப்பன். வைப்பின் தீவின் வடபகுதியில் உள்ள செராயில் 1889இல் பிறந்தவர், ஈழவ சாதியில் பிறந்தவர், சாதியை எதிர்த்த துறவி நாராயண குருவின் சீடர். 1917 மே 29 அன்று, தம் 27ஆம் வயதில், செராயில் ஒரு பந்தி வைத்தார். சோறு, பலாக்கொட்டையும் கடலையும் சேர்த்த ஒரு பொரியல்; விருந்து என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஈழவர்களும் தங்களுக்குக் கீழே என்று தள்ளிவைத்திருந்த புலையர் வீட்டுப் பிள்ளைகளோடு ஈழவ இளைஞர்கள் கலந்து உட்கார்ந்து உண்டார்கள், அவ்வளவுதான். ஊர் கொதித்தது. பந்தியில் கலந்தவர்களுக்கு ஊர்விலக்கு. அய்யப்பனை நாடு கடத்துங்கள் என்று கொச்சி மன்னருக்கு முறையீடு போனது, மன்னர் இணங்கவில்லை. "புலையன் அய்யப்பன்" என்று ஏசினார்கள். அவர் அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் ஈழவர்களும் கோயில் தெருவில் நடக்கக் கூடாதவர்கள்தாம். மேலே இருப்பவர்களைப் பார்த்து "எங்களை உங்களோடு உட்கார விடுங்கள்" என்று கேட்டிருந்தால் அய்யப்பனைச் சொந்த சாதி தோளில் தூக்கிக் கொண்டாடியிருக்கும். அவரோ தம் சொந்தக்காரர்களிடம் போய், "நீங்கள் யாரைத் தள்ளி வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். ஏச்சும் அங்கிருந்துதான் வந்தது.

அதன் பிறகு 'சகோதரன்' என்ற பத்திரிகையை மட்டாஞ்சேரியிலிருந்து தொடங்கி 1956வரை நடத்தினார். 1929இல் நண்பர்களோடு சேர்ந்து 'யுக்திவாதி' இதழைக் கொண்டுவந்தார். குருநாதர் மனிதனுக்கு ஒரு சாதி, ஒரு மதம், ஒரு கடவுள் என்றார். சீடரோ மூன்றும் வேண்டாம் என்று அதைத் திருப்பிப் போட்டார். அவரை எதிர்த்தவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் அதே மூச்சில் அவர் அறம் வேண்டும் என்று கேட்டார், ஒரு முறைக்கு மூன்று முறை அழுத்திக் கேட்டார். கடவுளை விட்டவர் அறத்தையும் விட்டுவிடுவார் என்ற அச்சத்துக்கு இதைவிட நேரான மறுப்பு வேண்டியதில்லை.

இன்னும் அழகான செய்தி, குரு அவரை விலக்கவில்லை என்பது. எந்த மதமானாலும் மனிதன் நல்லவனானால் போதும் என்று போதித்தவர் அவர். கலப்பு உணவிலும் கலப்பு மணத்திலும் தவறில்லை என்று 1921இல் தம் கையாலேயே எழுதிக் கொடுத்தார். 1927இல் சேர்த்தலை அருகே களவங்கோட்டில், சிலை வேண்டாம் என்று வாதாடிய இளைஞர்களின் பேச்சுக்குக் காது கொடுத்து, கோயிலில் ஒரு கண்ணாடியையே பிரதிஷ்டை செய்தார். கடவுளை நம்பிய குருவும் நம்பாத சீடரும் கடைசிவரை ஒரே வேலையைப் பங்கிட்டுச் செய்தார்கள்.

இரண்டாமவர் ஆபிரகாம் பராக் சாலேம். 1882இல் மட்டாஞ்சேரியில் பிறந்த யூதர். யூதத் தெருவில் நுழையும் சுற்றுலாப் பயணிகள் இன்றும் அவர் பெயரைத் தாங்கிய சாலையில்தான் நடக்கிறார்கள். அது அவர்களில் பலருக்குத் தெரியாது. அந்தச் சாலை முடியும் இடத்தில் 1568இல் கட்டிய பரதேசி சினகாக் என்ற யூதத் தொழுகைக்கூடம் நிற்கிறது. தரை முழுக்க நீலமும் வெள்ளையுமான சீன ஓடுகள், மேலே தொங்கும் விளக்குகள். அந்தத் தரையில் காலடி வைத்து, மற்றவர்களோடு சமமாக உட்கார்ந்து தொழும் உரிமை சாலேமின் முன்னோர்களுக்கு இல்லை. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று அவர்கள்மேல் ஒரு முத்திரை. வெள்ளை யூதர்கள் உள்ளே, இவர்கள் முன்கூடத்தில். தோராவை வாசிக்க இவர்களை அழைப்பதும் இல்லை.

எகிப்தில் அடிமைகளாக இருந்தோம் என்பதை ஆண்டுதோறும் பாஸ்கா இரவில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது யூதர்களின் வழக்கம். அப்படிச் சொல்லிக் கொடுத்த வீடுகளே அடிமைகளின் பேரப்பிள்ளைகளை முன்கூடத்தில் உட்கார வைத்தன. வேதத்தில் குறையில்லை, நினைவூட்டலில் குறையில்லை, தொழுகையில் குறையில்லை. இருந்தும் அநீதி நூற்றாண்டுகளாக நடந்தது.

அதை உடைத்தவரும் அந்த வேதத்தை நம்பியவர்தான். வக்கீலுக்குப் படித்த சாலேம், 1929இல் லாகூர் காங்கிரஸ் மாநாட்டுக்குப் போய் வந்தவர். காந்தியின் சத்தியாகிரகத்தைத் தம் தொழுகைக்கூடத்துக்குள் கொண்டுவந்தார். ஒரு காலம் அங்கே போகாமலேயே இருந்து எதிர்ப்பைக் காட்டினார். மதம் மாறிப் போயிருக்கலாம், தனியாக ஒரு கூடம் கட்டிக்கொண்டிருக்கலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. என் இடம் இங்கேதான் என்று நின்றார். 1930களில் பழைய தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 1950இல் அவர் மகனே வெள்ளை யூதர் வீட்டுப் பெண்ணை மணந்தார். யூத காந்தி என்று ஊர் அவரை அழைத்தது.

அய்யப்பனையும் சாலேமையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நம்பிக்கை ஒருவரிடம் இருக்கிறது, ஒருவரிடம் இல்லை. இருவருக்கும் பொதுவாக இருந்தது வேறு. தம் ஆட்களுக்கு எதிராக, தம் ஆட்களின் நடுவே நின்று பேசினார்கள். பக்கத்துத் தெருவின் பாவத்தைப் பட்டியலிட நம்பிக்கையும் வேண்டாம், பகுத்தறிவும் வேண்டாம், எவராலும் முடியும். சொந்த வீட்டின் பாவத்தைச் சொல்வதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. அறம் தொடங்குவது அங்கேதான்.

நம்பிக்கை மட்டும் அறத்துக்குப் போதாது என்பதற்கு இன்னொரு சாட்சியும் அருகிலேயே இருக்கிறது: மட்டாஞ்சேரியிலிருந்து ஒரு பேருந்து தூரத்தில் வைக்கம். 1924இல் கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கும் உரிமைக்காக அங்கே சத்தியாகிரகம் தொடங்கியது. தலைவர்கள் வரிசையாகச் சிறைக்குப் போனபோது தமிழ்நாட்டிலிருந்து பெரியார் வந்து பொறுப்பேற்றார், இரண்டு முறை சிறை சென்றார். நாராயண குரு ஆயிரம் ரூபாய் கொடுத்தார். 1925 மார்ச்சில் காந்தியே வந்து, கோயில் தரப்பின் தலைவரான இண்டந்துருத்தில் நம்பூதிரியின் 'மனை' எனப்படும் இல்லத்துக்குப் பேசப் போனார். காந்தி வைசியர் என்பதால் வீட்டுக்குள் அவருக்கு இடமில்லை. பேச்சு வெளியிலேயே நடந்தது. முற்பிறவியில் செய்ததை ஒடுக்கப்பட்டவர்கள் இப்போது அனுபவிக்கிறார்கள், அதில் நாம் தலையிட முடியாது என்பது எதிர்த்தரப்பின் வாதம். அதைச் சொன்னவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. முழு நம்பிக்கையோடு சொன்னார்கள். பயப்பட வேண்டியது அதற்குத்தான். அந்த மனை இன்று கள் இறக்கும் தொழிலாளர் சங்கத்தின் அலுவலகம்.

அப்படியானால் நம்பிக்கைதான் கெடுதலுக்கு வேரா என்றால், இல்லை. கம்போடியாவில் 1975 முதல் 1979வரை ஆண்ட கெமர் ரூஜ் மதத்தையே தடை செய்தது. பிக்குகளை விகாரைகளிலிருந்து விரட்டியது. அந்த ஆட்சியில் மாண்டவர்கள் பதினைந்து லட்சத்துக்கும் மேல். கடவுளை நீக்கிவிட்டால் மனிதன் தானாக நல்லவனாவான் என்று நினைப்பவர்கள் இந்த நான்கு ஆண்டுகளைத் தாண்டிப் போக முடியாது.

மதத்துக்கு இருக்கும் ஒரு பலத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு வாராவாரம் கூட ஓர் இடம் உண்டு, தெரிந்த முகங்கள் உண்டு, அவசரத்தில் திறக்க ஒரு கதவு உண்டு. 2019 ஆகஸ்டில் மலப்புறம் கவளப்பாறையில் மலை சரிந்தது. மீட்ட உடல்களைப் பிரேதப் பரிசோதனை செய்ய அருகில் வசதியில்லை. போத்துகல்லில் ஒரு பள்ளிவாசல் தன் தொழுகை மண்டபத்தையே அதற்கு விட்டுக்கொடுத்தது. உடல்கள் எந்த மதத்தவருடையவை என்று யாரும் பிரிக்கவில்லை.

நம்பாதவர்களுக்கு அப்படி ஒரு மண்டபம் தயாராக இருப்பதில்லை. அவர்கள் கட்டிக்கொள்ள வேண்டும். அய்யப்பன் இதைப் புரிந்துகொண்டிருந்தார். பந்தி ஒரு நாள் கூத்தாக முடிந்துவிடக் கூடாது என்றுதான் சகோதர சங்கம், பத்திரிகை, இதழ் என்று பல ஆண்டுகள் உழைத்தார். கடவுள் இல்லை என்று சொல்லிவிட்டு, அதன் பிறகு எந்தப் பொதுக் காரியத்துக்கும் வராமல் வீட்டில் இருப்பவரை அவரோடு சேர்க்க முடியாது.

ஆந்திரத்தின் நாத்திகர் கோராவும் இதே வழிக்காரர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவர். பின்னர் வேறு ஊர்களில் நாத்திகத்துக்காக ஆசிரியர் வேலையை இழந்தார். 1940இல் முதுனூரில் நாத்திக மையம் தொடங்கி, தீண்டாமைக்கு எதிராகச் சமபந்தி நடத்தினார். காந்தியோடு நீண்ட நேரம் வாதிட்டார். கோராவின் மகளுக்கும் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சமூகத்து இளைஞருக்கும் தம் சேவாகிராம ஆசிரமத்தில் திருமணம் நடத்திவைக்க காந்தி ஒப்புக்கொண்டார். அந்தச் சடங்கில் கடவுளின் பெயர் வரும் இடத்தில் சத்தியத்தின் பெயரைச் சொல்லலாம் என்றார். அன்றாடம் ராம நாமம் சொன்னவர் தரக்கூடிய மிகப் பெரிய மரியாதை அது. திருமணம் நடந்தது 1948 மார்ச்சில். காந்தி அப்போது உயிரோடு இல்லை.

மட்டாஞ்சேரிக்கே திரும்பினால், இந்தத் துறைமுகத்தில் ஒரு காலத்தில் 'சாப்பா' என்ற முறை இருந்தது. கப்பலில் சரக்கேற்றும் வேலைக்கு நூற்றுக்கணக்கானவர்கள் விடியுமுன் காத்திருப்பார்கள். கங்காணி உலோக வில்லைகளைக் கூட்டத்தின்மீது வீசுவார். அடித்துப் பிடித்துப் பொறுக்கியவருக்கு அன்றைக்குக் கூலி. மற்றவர் பசியோடு வீடு திரும்ப வேண்டும். 1953 செப்டம்பர் 15 அன்று அதை எதிர்த்துத் திரண்ட தொழிலாளர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தப் போராட்டத்தில் உயிர் கொடுத்தவர்களின் பெயர்கள்: சைது, சைதலவி, அந்தோணி. முறைவைத்து வேலை கொடு என்று கேட்டால் வில்லையைத் தட்டிப் பறிக்கும் வலுவுள்ளவனுக்கும் சில நாள் வேலை போகும். அது தெரிந்துதான் வலுத்தவர்களும் அந்தக் கூட்டத்தில் நின்றிருப்பார்கள். அங்கே யார் தொழுதார், யார் தொழவில்லை என்று விசாரிப்பதில் பொருளில்லை.

பட்டம் பெறும் இளைஞர்களே, உங்களில் சிலர் கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ தேவாலயத்துக்கோ போகிறவர்கள், சிலர் எங்கேயும் போகாதவர்கள். நம்பிக்கையை விடச் சொல்லவோ ஏற்கச் சொல்லவோ இந்த மேடைக்கு உரிமையில்லை. கேட்க விரும்புவது வேறு. நாளை நீங்கள் ஆள் தேர்வு செய்யும் இடத்தில் இருப்பீர்கள். வீடு வாடகைக்கு விடுவீர்கள். தம்பி தங்கை யாரையாவது விரும்பி வந்து நிற்கும்போது வீட்டில் உங்கள் வார்த்தைக்கு எடை இருக்கும். அப்போது "நம்ம ஆளுங்களா?" என்ற கேள்வி உங்கள் வீட்டாரிடமிருந்தே வரும். அந்த நேரத்தில், அந்த அறையில், உங்களவர்கள் எல்லோரும் கேட்கும்படி வாய் திறந்து மறுத்துப் பேசுங்கள். உங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்குத் தனி டம்ளர் இருந்தால், இன்று மாலை அம்மாவிடம் பேசி அதை எடுத்துவிடுங்கள். அந்த அக்காவோடு மேசையில் ஒன்றாக உட்கார்ந்து காப்பி குடியுங்கள்.