மலேயாவில் ஒரு வீரமாது
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



ஈப்போ என்னும் பட்டணத்தின் பெயரைக் கேளாத வீடு நம்மவருள் அரிது. கொண்டுவிற்கச் சென்ற நம் பாட்டன்மார் மலேயாக் கிட்டங்கிகளில் பேரேடு எழுதியவர்கள். ஜப்பானியர் ஆண்ட மூன்றரை யாண்டுகளைப்பற்றி நம் வீடுகளில் வழங்கும் பேச்செல்லாம் வாழைமரம் அச்சிட்ட நோட்டு செல்லாமற் போனதையும், ஊருக்குக் கடிதம் அற்றுப்போனதையும் பற்றியதே. அதே ஈப்போவின் அருகே நிகழ்ந்த வேறொன்றை இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தபாருவில் இறங்கிற்று. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. உடனே சீனர்கள் ஆயிரக்கணக்கிற் கொல்லப்பட்டனர். உற்றாரை இழந்த வாலிபர் பலர் காடு புகுந்து, பொதுவுடைமைக் கட்சியார் நடத்திய ஜப்பானிய எதிர்ப்புப் படையிற் சேர்ந்தனர். காடு ஒளிவிடம் தரும், சோறு தராது. அரிசி, உப்பு, கொயினா, செய்தி யாவும் காட்டோரத்துக் குடிகளின் கைவழியே செல்லவேண்டும். துப்பாக்கி ஏந்தியவன் ஓடி மறையலாம். அவனுக்கு அரிசி அளந்தவள் பிள்ளைகளோடு எங்கே ஓடுவாள்?

அவ்வாறு ஓடாதிருந்தவருள் ஒருவர் சிபில் கார்த்திகேசு அம்மையார். சுமத்ராவிலுள்ள மேடான் நகரில் 1899இல் பிறந்த யூரேஷியர், மருத்துவத் தாதி. கணவர் தைப்பிங்கிற் பிறந்த இலங்கைத் தமிழரான டாக்டர் கார்த்திகேசு. இருவரும் ஈப்போவில் வைத்தியசாலை நடத்தி வந்தனர். யுத்தம் நெருங்கவே பப்பான் என்னும் சிற்றூரிற் குடியேறினர். அம்மையார் கான்டனீஸ் மொழியைச் சரளமாகப் பேசுவார். சீனக் குடிகள் அவரை நம்பியதற்கு அதுவும் ஒரு காரணம். காயம்பட்ட கொரில்லா வீரர்களுக்கு இரகசியமாகச் சிகிச்சை செய்தார். தடைசெய்யப்பட்ட ரேடியோவில் லண்டன் செய்தியைக் கேட்டுப் பிறர்க்கும் அறிவித்தார்.

1943இல் கணவரும் மனைவியும் பிடிபட்டனர். ஒற்று, கொரில்லாக்களுக்கு மருத்துவம், ரேடியோ என மூன்று குற்றங்கள் சாட்டப்பட்டன. கெம்பித்தாய்ப் போலீசார் செய்த சித்திரவதையை இச்சபையில் விரித்துரைக்க மனம் வரவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: தாயின் கண்முன்னே சிறுமியான மகளை மரத்திற் கட்டித் தூக்கி, கீழே நெருப்பு மூட்டுவித்தனர். அப்போதும் அவர் எவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. பத்துகாஜா சிறையில், முதுகெலும்பு பாதிக்கப்பட்டு நடக்கமாட்டாதவராக, யுத்தம் முடியுமளவும் கிடந்தார்.

கொரில்லாக்கள் யாவரும் உத்தமர் என்று நான் சொல்ல வரவில்லை. ஒற்றரென ஐயுற்றோரை அவர்களும் கொன்றிருக்கின்றனர். தமிழர் யாவரும் ஒரே பக்கம் நின்றாரும் அல்லர். பாரத விடுதலை கருதி, ஜப்பானியர் துணைபெற்ற நேதாஜியின் சேனையில் தோட்டத்து இளைஞர் பலர் சேர்ந்தனர். சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட பல்லாயிரவர் மீளவேயில்லை. இவர்களுள் எவரையும் மற்றவருக்காக மறைத்துப் பேசுவது நியாயமாகாது.

விடுதலைக்குப்பின் அம்மையார் சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார். ஆறாம் ஜார்ஜ் மன்னர் அவருக்கு ஜார்ஜ் பதக்கம் சூட்டினார். தாடையில் ஏற்பட்டிருந்த பழைய காயம் விஷமேறி, 1948 ஜூன் 12ஆம் நாள் ஸ்காட்லாந்தில் உயிர் நீத்தார். அதே மாதத்தில் மலேயாவில் அவசரநிலை பிரகடனமாயிற்று. அவர் காப்பாற்றிய படையைச் சேர்ந்தவர் பலர், அவருக்குப் பதக்கம் தந்த அரசுக்கே பகைவராயினர். அதன்பின் அவரைப்பற்றிப் பேசுவதே இரு திறத்தார்க்கும் சங்கடமாயிருந்திருக்கும்போலும். 1949இல் அவருடைய பூதவுடல் ஈப்போவுக்குக் கொணரப்பட்டு, செயின்ட் மைக்கேல் ஆலயத்தை அடுத்த கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. ஈப்போவிற் கிட்டங்கி பார்க்கச் செல்வோர் அங்கும் ஒருமுறை சென்றுவரலாம்.