எடுத்த காரியத்தை முடிப்போம்

(கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் வீடுகளில் காரியங்களை ஆரம்பிப்பதற்குப் பஞ்சமே இல்லை. பாதியில் நின்ற பாகவதம், மூன்றாம் மாதம் விட்டுப்போன நடைப்பயிற்சி, பெயர் எழுதப்படாத பழைய போட்டோக்கள், கையெழுத்துப் போடாத உயில். இவற்றில் முதல் மூன்றும் நின்றவரைக்கும் லாபம். நான்காவது அப்படியல்ல. அதில் தொண்ணூறு சதவிகிதம் முடிந்தாலும் பலன் பூஜ்யம்தான்.

1925-ஆம் வருடத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, எழுதியவர் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்டால்தான் நம்மைப் போன்றவர்களின் உயில் செல்லும். பதிவு செய்வது நல்லது, ஆனால் கட்டாயமில்லை. அந்த மூன்று கையெழுத்து இல்லாவிட்டால், எத்தனை அழகாக எழுதியிருந்தாலும் அது வெறும் காகிதம்.

எங்கள் குடியிருப்பில் ஒரு நண்பர். வங்கியில் நாமினேஷன் பாரம் வாங்கி வந்து, பூர்த்தி செய்து, மேஜை டிராயரில் வைத்திருந்தார். கொண்டுபோய்க் கொடுப்பதற்குள் காலமாகிவிட்டார். அந்த மாமி வாரிசுப் பத்திரங்களுக்காக எட்டு மாதம் அலைந்தார். பாக்கி இருந்தது பத்து நிமிஷ வேலை!

ஏன் இப்படி நடக்கிறது? எல்லாவற்றுக்கும் சோம்பேறித்தனம் காரணமில்லை. நான் பௌதிகம் படித்தவன். பனிக்கட்டி 0 டிகிரியில் உருகும்போது ஒவ்வொரு கிராமும் சுமார் 80 கலோரி வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. முழுதும் உருகும்வரை தெர்மாமீட்டர் நகருவதில்லை. வேலை நடக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. நம் காரியங்களின் நடுப்பகுதியும் இப்படித்தான். ஆரம்ப உற்சாகம் தீர்ந்திருக்கும், பலன் தெரியாது. அந்தச் சமயத்தில் அடுப்பை அணைத்துவிடுகிறோம்.

இன்னொரு காரணம், முடிவு எது என்று தீர்மானிக்காமல் ஆரம்பிப்பது. பூஜையில் சங்கல்பம் செய்யும்போது வருஷம், மாதம், திதி எல்லாம் சொல்லி, இன்ன காரியம் செய்யப்போகிறேன் என்று எல்லை கட்டிக்கொள்கிறோம். மற்ற வேலைகளுக்கும் அது வேண்டும். “போட்டோக்களைச் சரிசெய்ய வேண்டும்” என்றால் அது என்றைக்கும் முடியாது. “தீபாவளிக்குள் கல்யாண ஆல்பத்தில் இருப்பவர்களின் பெயர்களை எழுதிவிடுவேன்” என்றால் முடியும்.

மத்திய அரசு அலுவலகங்களில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. நிலுவையில் உள்ள கோப்புகளுக்கு வாராவாரம் பட்டியல் போட வேண்டும். கோர்ட் வழக்கு போன்ற காரணத்தால் ஆறு மாதத்துக்கு எதுவும் செய்ய முடியாத கோப்பை ‘கால் புக்’ என்ற பதிவேட்டுக்கு மாற்றி, மறுபடி எப்போது எடுப்பது என்று குறித்து வைக்கலாம். பணியில் இருந்த 35 வருஷமும் இதன் அருமையைப் பார்த்திருக்கிறேன். ஒத்திப்போடுவது வேறு, விட்டுவிடுவது வேறு. தேதி போட்டு ஒத்திப்போட்டால் மனதில் பாரம் இல்லை.

இதையே வீட்டுக்கும் கொண்டுவரலாம். அரைகுறையாக நிற்பவற்றை ஒரே தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: நானே முடிப்பது, பிறரிடம் ஒப்படைப்பது, தேதி போட்டு எடுத்துவைப்பது. இனித் தேவையில்லை என்று தோன்றினால் தாராளமாக அடித்துவிடுங்கள். அதுவும் ஒருவகை முடிவுதான். நாமே முடிக்க வேண்டியவற்றுக்கு, அடுத்த ஒரே ஒரு அடி என்ன என்று எழுதுங்கள். “உயில்” என்று எழுதாமல், “ஞாயிறு காலை இரண்டு சாட்சிகளை வீட்டுக்கு அழைப்பது” என்று எழுதுங்கள்.

பட்டியலில் முதலிடம், முடியாவிட்டால் பிறர் தலையில் விழும் காரியங்களுக்கு. வங்கி வைப்புகளுக்கு 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நாமினியாக நியமிக்கலாம். பத்து வருஷம் யாரும் கேட்காத வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடுகிறது. பிறகும் உரியவர்கள் கேட்டுப் பெறலாம், ஆனால் அப்படி ஒரு கணக்கு இருப்பதே பிள்ளைகளுக்குத் தெரிந்தால்தானே?

வள்ளுவர் வினைசெயல்வகை அதிகாரத்தில், முடிக்காமல் விட்ட வேலையின் மிச்சத்தை அணைக்காமல் விட்ட நெருப்பின் மிச்சத்துக்கு ஒப்பிடுகிறார். நாம் விட்டுவைக்கும் மிச்சம் சுடப்போவது நம்மை அல்ல, நமக்குப் பின்னால் வருகிறவர்களை. ஆகவே இந்த வாரம் ஒரே ஒரு காரியத்தையாவது முழுசாக முடித்துவிட்டு, அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள்.