எழுத்தில் இல்லாத பாலம்



கவிதை தங்கும் இடம் ஏடு மட்டுமன்று. ஜப்பானியர் அதனைத் தம் எழுதுபேழையின் மூடியிலும் வைத்துப் போற்றினர். 'சுசுரிபாக்கோ' எனப்படும் அப்பேழைக்குள் மைக்கல், மைக்கட்டி, தூரிகை, நீர் வார்க்கும் சிறுகலம் ஆகியன இருக்கும். மரப்பேழையின்மேல் உருஷி மரத்தின் பாலைப் பலமுறை பூசி மெருகிடுவர். அரக்குப் பூச்சு எனத் தமிழில் வழங்கினும், இது பூச்சியிடமிருந்து பெறும் அரக்கன்று. ஈரக்காற்றில் இறுகும் இயல்பினது. பூச்சு உலருமுன் பொற்பொடி தூவி ஓவியம் சமைப்பர். இதற்கு 'மாக்கி-எ', அதாவது 'தூவிய ஓவியம்' என்று பெயர்.

டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில், ஹொன்னாமி கோயெட்சுவின் (1558–1637) பேழை ஒன்று உள்ளது. குன்றெனப் புடைத்த அதன் மூடியில் பொன் அலைகள்; அணிவகுத்த படகுகள்; அவற்றின் குறுக்கே கரிய ஈயத் தகடு. மேலே வெள்ளி எழுத்துகளில் ஒரு பழம்பாடல். பத்தாம் நூற்றாண்டுத் தொகுப்பாகிய 'கோசென் வகாஷூ'வில் இடம்பெற்ற அதனைப் பாடியவர் மினமோட்டோ நோ ஹிட்டோஷி. சானோ என்னும் இடத்துப் படகுப்பாலம் போல் நீண்டு செல்லும் தம் காதலை அறிவார் எவருமிலர் என்பது அதன் கருத்து.

எழுத்துகளைக் கூட்டிப் படிப்போர் ஓரிடத்தில் திகைத்து நிற்பர். 'படகுப்பாலம்' என்னும் சொல் அங்கே எழுதப்படவில்லை! ஈயத் தகடே அச்சொல். அறிவாரில்லை எனப் பாடல் வருந்துகிறது. பேழையோ அறிவாரைத் தேடுகிறது. விடுபட்ட சொல்லைத் தன் நெஞ்சிலிருந்து எடுத்து நிரப்புபவனே அதனை அறிந்தவன்.

பின்வந்த ஒகாட்டா கோரின் (1658–1716) இன்னும் ஒருபடி மேற்சென்றார். அவர்தம் பேழையில் பாட்டின் ஓரெழுத்தும் இல்லை. பாடிய மாந்தரும் இல்லை. கிளிஞ்சலால் இழைத்த ஐரிஸ் மலர்களும் ஈயப் பாலமும் மட்டுமே உள்ளன. தலைநகர் நீங்கிய ஒருவன் அம்மலர்களைக் கண்டு, பிரிந்த மனைவியை நினைந்து பாடிய 'இசே கதைகள்' நூலின் பாடலைக் கண்டோர் தாமே நினைவுகூர்ந்தனர்.

ஈண்டு எண்ணத்தக்கது ஒன்றுண்டு. பொன்னும் அரக்கும் முந்நூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றன. ஆனால் பாடலை அறிந்தோர் மறைந்துவிட்டால் ஈயம் வெறும் ஈயம். கிளிஞ்சல் வெறும் கிளிஞ்சல். சொல்லாமல் விடுவதற்குக் கவிஞனுக்குத் துணிவு தருவது கேட்போரின் நினைவேயாம். அந்நினைவைப் பேணுவதினும் சிறந்த பணி, பத்தாண்டு கண்ட ஓர் இலக்கிய வட்டத்திற்கு வேறு யாதுளது?