ஊரப்பாக்கத்து வாத்தியார்



கவிஞர் இன்குலாப்பைப் பற்றி முட்டுக்காட்டில் எதற்குக் கூட்டம் என்று ஒரு தம்பி கேட்டார். கேளம்பாக்கம் போய் வண்டலூர் சாலையைப் பிடித்தால், வண்டலூரைத் தாண்டியதும் ஊரப்பாக்கம். அங்கேதான் அவர் வாழ்ந்தார்; 2016 டிசம்பர் 1 அன்று மறைந்தார். உடலைச் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தார்கள். அவர் நம்ம ஆள் இல்லையென்றால் வேறு யார் நம்ம ஆள்?

கீழக்கரையில் 1944இல் பிறந்த சாகுல் அமீதுதான் இன்குலாப். சென்னை புதுக்கல்லூரியில் தமிழ் நடத்தியவர். 1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். கூலி உயர்வு கேட்ட குடும்பங்கள். அதற்குப் பிறகு அவர் எழுத்து பழைய பாதைக்குத் திரும்பவே இல்லை. அவருடைய 'மனுசங்கடா' பாட்டைக் கே.ஏ.குணசேகரன் ஊர் ஊராகப் பாடினார். இன்று பாடுகிறவர்களில் பலருக்கு எழுதியவர் பெயர் தெரியாது. போகட்டும், பாட்டு ஊர்ச் சொத்தாகிவிட்டது.

என் ஆதங்கம் வேறு. கவிஞர் என்கிறோம், போராளி என்கிறோம்; வாத்தியாரை மட்டும் மறந்துவிடுகிறோம். அவருடைய 'ஔவை' நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஔவை என்றதும் நமக்கு யார் நினைவுக்கு வருகிறார்? கோலூன்றிய கிழவி, மெரினா சிலை, 1953 படத்தில் கே.பி.சுந்தராம்பாள். இந்த வாத்தியார் சங்கப் பாட்டைப் பிரித்துவைத்தார். அங்கே அதியமானோடு கள்ளைப் பகிர்ந்து, அரசவையில் யாருக்கும் அஞ்சாமல் பேசுகிற பாடினி இருக்கிறாள். அவளை இளம்பெண்ணாக மேடைக்குக் கொண்டுவந்தார். 1998இல் இயக்கியவர் அ.மங்கை, அவரும் கல்லூரியில் பாடம் நடத்தியவர்தான். பெண்ணுரிமைக்குத் தனியாக வசனம் தேடவில்லை அவர்கள். பாடத்தை ஒழுங்காகப் படித்தார்கள், அவ்வளவுதான்.

கலைமாமணி விருதை இன்குலாப் ஈழப்போர் நேரத்தில் திருப்பிக் கொடுத்தார். மறைந்தபின் வந்த சாகித்திய அகாதெமி விருதைக் குடும்பத்தார் வேண்டாம் என்றார்கள். வீம்பு என்றவர்களும் உண்டு. எனக்கு அது நேர்மையாகவே பட்டது.

ஒரு வேண்டுகோள். கூத்தையும் பொம்மலாட்டத்தையும் பார்க்க நம் முட்டுக்காட்டுத் தட்சிணசித்ராவுக்கு எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். பக்கத்து ஊர் வாத்தியாரின் நாடகம் அந்த மேடையில் ஏற வேண்டாமா? வெளியூர்க் குழுவைக் கூப்பிட வேண்டியதில்லை. நம் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளே நடிக்கட்டும். ஒத்திகைக்கு இடம் தரக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். கள் விஷயத்தைத் தலைமையாசிரியர் கேட்டால், புறநானூறு 235ஆம் பாட்டைக் காட்டிவிடுவோம்.