விசிறியை அடக்க வேண்டாம், வெப்பத்தைக் குறைப்போம்
(குறுவளமையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கற்றல் விளைவுகள், மதிப்பீடு, பயிற்சித்தாள் எனப் பலவற்றைப் பேசிய இந்தக் கூட்டத்தில், மடிக்கணினிக்குள் சுழலும் உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒரு விசிறியைப் பற்றிப் பேச எனக்குக் கால் மணி நேரம் தந்திருக்கிறீர்கள். சின்ன விஷயம்தான். ஆனால் நம் பள்ளிகள் பலவற்றில் இருப்பது ஒன்றோ இரண்டோ மடிக்கணினிகள். அதில்தான் மணற்கேணி காணொலி, அதில்தான் எமிஸ் பதிவு, அதில்தான் இணையவழிப் பயிற்சி. அந்த ஒன்று நின்றுபோனால் அடுத்தது எப்போது வரும் என்று நம்மால் சொல்ல முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. மேசையில் மடிக்கணினி இரைந்துகொண்டிருக்கும்போது அதன் சிறிய ஒலிபெருக்கியிலிருந்து வரும் பாட்டும் கதையும் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்வதில்லை. வகுப்பறையின் பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. சிறிய மடிக்கணினியின் விசிறி முழு வேகத்தில் சுழன்றால், அருகில் 40 டெசிபலைத் தாண்டுவது வழக்கம். காது சற்று மந்தமான குழந்தை நம் வகுப்பில் இருந்தால் இழப்பு முழுவதும் அந்தக் குழந்தைக்குத்தான். 'ழ'கரமும் 'ள'கரமும் பிரித்துக் கேட்க வேண்டிய வயதில், இரைச்சலுக்கு நடுவே எதைக் கேட்கும்?

"சார், ஃபேன் சத்தத்தை நிறுத்த ஏதாவது வழி உண்டா?" என்று பலர் கேட்கிறார்கள். விசிறி வேகத்தைக் குறைத்துவைக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றைத் தொடாதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். காய்ச்சல் வந்த குழந்தை அனத்துகிறது என்பதற்காக வாயைப் பொத்துவோமா? விசிறி இரைவது, உள்ளே சூடு ஏறியிருக்கிறது என்னும் அறிவிப்பு. சூட்டைக் குறைத்தால் சத்தம் தானே அடங்கும்.

இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? கணினிச் செயலி வாங்கும் மின்னாற்றல் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் வெப்பமாகவே மாறுகிறது. மெல்லிய மடிக்கணினிகளில் உள்ள கோர் ஐ5-10210யு போன்ற செயலியின் வெப்ப அளவு 15 வாட். நம் வீடுகளில் இரவு விளக்காக எரிந்த பழைய 'ஜீரோ வாட்' பல்பு உண்மையில் ஏறக்குறைய அந்த அளவு மின்சாரத்தைத்தான் எடுத்தது. அதைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அதன் சூடு தெரியும். அதே சூடு இங்கே விரல்நகம் அளவுள்ள சில்லில் உண்டாகி, இரண்டு விரல் கனம்கூட இல்லாத பெட்டியை விட்டு வெளியேற வேண்டும்.

அது வெளியேறும் பாதையை எட்டாம் வகுப்பு மாணவருக்கு அப்படியே பாடமாக நடத்தலாம். செயலியின் மேல் வெப்பம் கடத்தும் பசை. அதன் மேல் தாமிரத் தகடு. தகட்டிலிருந்து தட்டையான தாமிரக் குழாய். இதுவரை வெப்பக்கடத்தல். அந்த மூடிய குழாய்க்குள் மிகக் குறைந்த அழுத்தத்தில் சிறிதளவு நீர் இருக்கும். சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனையில் மீண்டும் நீராகி, உட்சுவரில் உள்ள நுண்துளைகள் வழியே திரும்பி வரும். குளிர்ந்த முனையில் சீப்பின் பற்கள் போல மெல்லிய உலோகத் தகடுகள். அவற்றின் இடுக்கில் விசிறி காற்றை ஊதி வெப்பத்தை வெளியேற்றுகிறது. இந்தப் பாதையில் எந்த இடம் அடைத்தாலும் விசிறி இன்னும் வேகமாகச் சுழல வேண்டிவரும்.

மடிக்கணினி சிறியதாக இருக்க இருக்கச் சத்தம் ஏன் கூடுகிறது? நம் வகுப்பறை மின்விசிறியின் விட்டம் 1200 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு முந்நூறு, நானூறு சுற்று சுற்றினாலே அறை முழுவதும் காற்று வரும். மடிக்கணினி விசிறியின் விட்டம் நான்கைந்து சென்டிமீட்டர். போதுமான காற்றைத் தள்ள நிமிடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் சுற்று சுற்ற வேண்டும். ஒரு விசிறியின் வேகம் இரண்டு மடங்கானால் காற்றும் இரண்டு மடங்குதான் கூடும். ஓசையோ சுமார் 15 டெசிபல் உயரும். 10 டெசிபல் உயர்ந்தாலே நம் காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும். இதை மாற்றிப் பாருங்கள். வெப்பத்தைக் கொஞ்சம் குறைத்து விசிறியின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே, சத்தம் நிறையக் குறையும்.

எப்படிக் குறைப்பது? மூன்று இடங்களில் கை வைக்கலாம்.

முதலாவது, சூடு உண்டாகும் இடம். விசிறி காரணமில்லாமல் இரைந்தால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். எந்தச் செயலி எத்தனை விழுக்காடு வேலை வாங்குகிறது என்று அதில் தெரியும். பெரும்பாலும் திறந்தபடியே விட்ட இருபது இணையப் பக்கங்களாக இருக்கும், அல்லது விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும். ஒரு வாரம் மூடிக் கிடந்த கணினியை முதல் பாடவேளையில் திறந்தால், அந்த வாரத்துப் புதுப்பித்தல் எல்லாம் அப்போதுதான் தொடங்கும். காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு முன்பே திறந்து இணையத்தில் இணைத்துவையுங்கள். பாடம் தொடங்கும்போது அந்த வேலை முடிந்திருக்கும். காணொலியை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துக்கொள்வதும் நல்லது.

அடுத்தது ஓர் அமைப்பு. நான் சொன்ன செயலியின் அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ். தேவை வந்தால் 4.2 வரை தாவும். வேகம் கூடும்போது மின்னழுத்தமும் கூடும். செலவாகும் திறன், வேகத்துக்கும் மின்னழுத்தத்தின் இருமடிக்கும் நேர்விகிதத்தில் ஏறும். அந்தக் கடைசித் தாவலுக்குத்தான் சூடு அதிகம். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், மேம்பட்ட அமைப்புகளில் 'மேக்ஸிமம் புராசசர் ஸ்டேட்' என்பதை 100-இலிருந்து 99 ஆக்கினால் பெரும்பாலான கணினிகளில் அந்தத் தாவல் நின்றுவிடும். படவில்லை காட்டவும் காணொலி ஓட்டவும் எமிஸ் பதியவும் அடிப்படை வேகமே போதும். அந்த அமைப்பு உங்கள் கணினியில் தென்படாவிட்டால், விண்டோஸ் 11-இல் பவர் மோடை 'பெஸ்ட் பவர் எஃபிஷியன்சி' என்று மாற்றுங்கள். வேண்டும்போது பழையபடி வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, சூடு வெளியேறும் வழி. பல மடிக்கணினிகள் அடிப்பக்கத்தில் காற்றை இழுத்து, பக்கவாட்டிலோ திரையின் கீல் அருகிலோ வெளியே விடுகின்றன. மேசைவிரிப்பின் மேலும், மடியில் தலையணை வைத்தும் இயக்கினால் மூக்கைப் பொத்தியது போல ஆகும். வெறும் மேசையில் வைத்து, பின்பக்கத்துக்குக் கீழே துளைகளை மறைக்காமல் இரண்டு தண்ணீர்ப் பாட்டில் மூடிகள் கொடுங்கள். உள்ளே போகும் காற்றுக்கு வழி பெரிதாகும். செலவில்லாத வைத்தியம்.

புரொஜெக்டர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். ஒரே மேசையில் புரொஜெக்டரும் மடிக்கணினியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். புரொஜெக்டர் தன் பக்கவாட்டில் வெளியே விடும் அனலை மடிக்கணினி உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். இடத்தை மாற்றினாலே போதும். புரொஜெக்டரில் படம் தெரிகிறதே என்று மடிக்கணினியை மூடிவைப்பதும் வேண்டாம். கீல் அருகே காற்று வெளியேறும் கணினியில் அந்த வழி அடைபட்டுப் போகும்.

பிறகு தூசி. இது நம் தொழிலுக்கே உரிய தொல்லை. சாக்பீஸ் தூள் கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் மிதந்து, நூலும் முடியும் சேர்ந்து, விசிறிக்கும் உலோகத் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துணி போலப் படிகிறது. எங்கள் பள்ளியில் ஒரு கணினி, மதியம் மூன்று மணிக்கு மேல் பாடத்தின் நடுவே தானாக அணைந்துகொண்டிருந்தது. பழுது என்று எழுதி ஓரம் கட்டும் நிலைக்கு வந்தது. பழுது பார்ப்பவர் பின்மூடியைத் திறந்து அந்தத் தூசிப் படலத்தை எடுத்து, காய்ந்துபோன பசையை மாற்றிக் கொடுத்தார். இன்றும் ஓடுகிறது. செயலியின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே போனால் கணினி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். மெதுவாகிவிட்டது, அடிக்கடி அணைகிறது என்று நாம் சொல்லும் கணினிகளில் சிலவற்றின் நோய் வெறும் தூசியாக இருக்கலாம். கழிவுப் பட்டியலில் சேர்க்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

நாமே செய்யக்கூடியது, திறக்காமல் செய்வது. கணினியை முழுவதும் அணைத்து, மின் இணைப்பை எடுத்துவிட்டு, கையால் அழுத்தினால் காற்று வரும் ரப்பர் குமிழால் துளைகளில் விட்டுவிட்டு ஊதுங்கள். மாதம் ஒரு முறை போதும். பஞ்சர் கடைக் காற்றுக் குழாய் வேண்டாம். அழுத்தம் மிக அதிகம், ஈரமும் எண்ணெயும் கலந்து வரும். மூடியைத் திறப்பது தெரிந்தவர் வேலை. அரசு உடைமை என்பதால் தலைமையாசிரியரிடம் சொல்லி, உத்தரவாதக் காலம் பார்த்து, பதிவேட்டில் குறித்த பிறகே வெளியே கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, சுற்றுப்புறம். விசிறியால் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக எதையும் ஆக்க முடியாது. பல மடிக்கணினிகளுக்கு 35 டிகிரி வரை இயக்கலாம் என்றே வரம்பு தரப்பட்டிருக்கும். வேலூரிலும் கரூரிலும் திருச்சியிலும் கோடையில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. ஆகவே ஏப்ரல் மாதத்தில் கணினி தேவைப்படும் பாடத்தைக் காலை வேளைக்கு மாற்றுங்கள். வெயில் விழும் சன்னல் ஓரத்தை விட்டு மேசையைத் தள்ளிப் போடுங்கள். ஈரத்துணி விரிப்பது, ஐஸ் வைப்பது போன்றவை கூடவே கூடாது. மின்கருவிக்கு அருகே தண்ணீர் ஆபத்து.

சத்தத்திலும் வகை உண்டு. 'ஸ்ஸ்' என்ற காற்றொலி வெப்பத்தால் வருவது. 'கரகர', 'டக் டக்' என்று வந்தால் விசிறியின் தாங்கி தேய்ந்திருக்கலாம், அல்லது இறக்கையில் ஏதோ இடிக்கலாம். இதற்குத் தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. அது தூசியை இன்னும் ஒட்டவைக்கும். அந்த விசிறியை மாற்றத்தான் வேண்டும். சூடு ஏறியும் சத்தமே இல்லை என்றால் அதுதான் மோசம். விசிறி நின்றுவிட்டது என்று பொருள். உடனே அணைத்துவிடுங்கள். விசிறியே இல்லாத மாதிரிகளும் உண்டு என்பதால், உங்களுடையது எந்த வகை என்று முதலில் தெரிந்துவைத்திருங்கள்.

கடைசியாகப் பாதுகாப்பு. லித்தியம் மின்கலத்துக்கு வெப்பம் எதிரி. அதிலும் முழு மின்னேற்றத்தோடு சூட்டில் கிடந்தால் சீக்கிரம் மூப்படையும். கோடை விடுமுறைக்கு இரும்புப் பீரோவில் வைத்துப் பூட்டும்போது, பாதி அளவு மின்னேற்றத்தோடு முழுவதும் அணைத்து வையுங்கள். வெயில் காயும் சுவரை ஒட்டிய பீரோ வேண்டாம். திரையை மூடியதுமே பைக்குள் போட்டுக்கொண்டு பேருந்து ஏறாதீர்கள். உறக்க நிலையில் உள்ள கணினி சில நேரம் விழித்துக்கொண்டு பைக்குள்ளேயே சூடாகும். டச்பேட் மேலே எழும்பியிருந்தாலும், சமமான மேசையில் வைத்தால் கணினி ஆடினாலும் மின்கலம் உப்பியிருக்கலாம். அன்றைக்கே பயன்பாட்டை நிறுத்துங்கள். மின்னேற்ற வேண்டாம், அழுத்த வேண்டாம், குத்த வேண்டாம். மாணவர் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

இவற்றில் ஒன்றை மாணவர்களிடமே கொடுத்துப் பார்க்கலாம். கைப்பேசியில் ஒலி அளக்கும் செயலி இலவசமாகக் கிடைக்கிறது. மேசைவிரிப்பின் மேல் கணினியை வைத்து ஒரே காணொலியைப் பத்து நிமிடம் ஓட்டி ஓர் அளவு. அணைத்து ஆறவிட்டு, மூடிகள் வைத்து உயர்த்தி, அதே காணொலிக்கு இன்னோர் அளவு. கைப்பேசி இரண்டு முறையும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். எதை மாற்றினோம், எதை மாற்றாமல் வைத்தோம் என்று அவர்களே அட்டவணை போடட்டும். வெப்பச்சலனம் என்ற சொல் அதற்குப் பிறகு அவர்களுக்கு மறக்காது.

நாளை பள்ளிக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் மடிக்கணினியை அணைத்து, திருப்பிப் பிடித்து, காற்றுத் துளைகள் எங்கே இருக்கின்றன, அவற்றின் வழியே வெளிச்சம் தெரிகிறதா, சாம்பல் நிறப் படலம் தெரிகிறதா என்று பாருங்கள். படலம் தெரிந்தால் அன்றே தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். கடைசி வரிசைக் குழந்தைக்குப் பாட்டு கேட்க வேண்டும்.