சீனி வருத்தம் ஒரு ஆளின்ர வருத்தம் இல்லை

(எமது இளையோர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



நான் ஸ்காபரோவில் தாதியாக வேலை செய்கிறேன். எங்கட ஆக்களின் சீனி வருத்தத்தைப் பற்றிக் கதைக்கச் சொல்லித்தான் என்னை அழைத்தீர்கள். அதுக்கு வரமுதல் இன்னொரு சனத்தின் கதையைச் சொல்லவேணும்.

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஸ்பிரிங்டேல் எண்டொரு நகரம் இருக்கு. பசிபிக் கடலின் மார்ஷல் தீவுகளில் இருந்து வந்த ஆயிரக்கணக்கானோர் அங்கே வாழ்கிறார்கள். கனபேருக்குக் கோழி இறைச்சித் தொழிற்சாலைகளில் வேலை. உலகத்திலேயே இரண்டாம் வகை நீரிழிவு மிகக் கூடிய சமூகங்களில் அவர்களும் ஒன்று.

ஏன் இப்பிடி? "கண்டதையும் சாப்பிடுகினம், உடம்பை அசைக்கிறதில்லை" எண்டு சொல்லிப்போட்டுப் போகலாம். ஆனால் 1946 முதல் 1958 வரை அந்தத் தீவுகளில் அமெரிக்கா 67 அணுகுண்டுச் சோதனைகளை நடத்தியது. 1954 மார்ச் 1 அன்று வெடித்த 'காசில் பிராவோ', ஹிரோஷிமாவில் போட்ட குண்டைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வலுவானது. மீன், ஈரப்பலா, சேம்பு, தாழம்பழம், தேங்காய் எண்டு வாழ்ந்த சனம் அது. சில தீவுகளின் நிலம் நஞ்சாகியது, சனம் இடம்பெயர்ந்தது. கப்பலில் வெள்ளை அரிசியும் மாவும் சீனியும் டின் இறைச்சியும் வந்தன. நிவாரணச் சாப்பாடே பிறகு வீட்டுச் சாப்பாடாகிப் போச்சு. கூப்பன் மாவில் வளர்ந்தவர்களின் பிள்ளைகள் இஞ்ச இருக்கிறீங்கள். உங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

1986இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின்படி அவர்கள் விசா இல்லாமல் அமெரிக்காவில் வாழலாம், வேலை செய்யலாம். ஆனால் 1996இல் வந்த நலத்திட்டச் சட்டம், ஏழைகளுக்கான அரச மருத்துவக் காப்புறுதியான மெடிக்கெய்டை அவர்களிடமிருந்து பறித்தது. 2020 டிசம்பரில்தான் திருப்பிக் கொடுத்தார்கள். 24 வருசம்! அந்த 24 வருசமும் அவர்கள் வரி கட்டினவை.

இந்தச் சனத்துக்கு வெள்ளை அங்கி போட்டவர்கள் மேல் நம்பிக்கை இருக்குமா? பிராவோவின் கதிரியக்கச் சாம்பல் விழுந்த ரொங்கலாப் மக்களின் உடம்பை, '4.1 திட்டம்' எண்ட பெயரில், அவர்களின் சம்மதம் கேளாமலே ஆராய்ந்தார்கள். அதனால் ஆர்கன்சா மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் முதலில் செய்தது, "உங்களுக்கு எது முக்கியம்?" எண்டு சமூகத்தைக் கேட்டதுதான். வந்த பதில் நீரிழிவு.

வழமையான நீரிழிவு வகுப்பு எப்பிடி நடக்கும்? நோயாளி தனிய வருவார். என்ன சாப்பிடலாம், எவ்வளவு சாப்பிடலாம் எண்டு சொல்லி, ஒரு துண்டுப்பிரசுரமும் கொடுத்து அனுப்புவார்கள். அவர் வீட்டை போனால் அங்கே ஒரே அடுப்பு, மூன்று தலைமுறை, ஒரே பானை. தனக்கு மட்டும் வேறை சாப்பாடு கேட்பது, தன்னை அந்த வீட்டில் இருந்து பிரிச்சு வைக்கிற மாதிரி. தந்ததை வேண்டாமெண்டால் மரியாதைக் குறைவு.

அதனால் வகுப்பையே வீட்டுக்குக் கொண்டு போனார்கள். மார்ஷல் மொழி பேசுபவர்கள் முழுக் குடும்பத்தோடும் இருந்து கதைத்தார்கள். என்ன மாற்றம் செய்வது எண்டு குடும்பமே சேர்ந்து முடிவெடுத்தது. 221 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து இரண்டு முறைகளையும் ஒப்பிட்டார்கள். முடிவு 2019இல் வெளிவந்தது. குடும்பமாகப் படித்தவர்களின் மூன்று மாதச் சராசரிச் சீனி அளவு மற்றவர்களினதை விடக் கூடுதலாகக் குறைந்தது. பன்னிரண்டு மாதம் கழித்தும் அந்த வித்தியாசம் நிலைத்து நின்றது.

இனித் தேவாலயம். 1946 பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த கையோடு, அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஒருவர் பிக்கினித் தீவு மக்களிடம் பேசினார். பைபிளில் வரும் இஸ்ரவேல் மக்களோடு அவர்களை ஒப்பிட்டு, மனிதகுல நன்மைக்காகத் தீவை விட்டுத் தரச் சொன்னார். 167 பேர் வெளிக்கிட்டார்கள். எல்லாம் கடவுளின் கையில் எண்ட வாசகம் இண்டைக்கும் பிக்கினியின் கொடியில் இருக்கு. நம்பிக்கையை வைத்து ஒரு சனத்தை எப்பிடி ஏமாற்றலாம் எண்டதுக்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ஆனால் அதே சனம் ஸ்பிரிங்டேலில் கூடுகிற இடமும் தேவாலயம்தான். நீரிழிவு வராமல் தடுக்கும் வகுப்புகளை அங்கேயே, அவர்களின் ஆக்களைப் பயிற்றுவித்தே நடத்தினார்கள். "கடவுள் கையில்" எண்டு விட்டுவிட வைத்த அதே நம்பிக்கை, "கடவுள் தந்த உடம்பைப் பார்" எண்டும் சொல்லக்கூடியது. எது சொல்லப்படும் எண்டது, ஆர் அங்கே போய் நிக்கிறார்கள் எண்டதில் இருக்கு.

இடதுசாரிகளாக நாங்கள் இதை அப்பிடியே கொண்டாடவும் ஏலாது. இரண்டு விசயம் சொல்லுறன்.

ஒன்று, 'குடும்பம்' எண்டால் ஆர்? தொழிற்சாலையில் முறைவேலை முடிச்சு வந்து சமைக்கிற பெண்தான். குடும்பக் கல்வி எண்ட பெயரில் அவவின் தலையில் இன்னொரு வேலையைக் கட்டினால் அது விடுதலை இல்லை. வகுப்பில் ஆண்கள் இருக்கவேணும், பிறகு குசினிக்குள்ளும் இருக்கவேணும்.

இரண்டு, கல்வி மருந்துக்குப் பதில் இல்லை. காப்புறுதியைப் பறித்துப்போட்டு "நல்லாச் சாப்பிடுங்கோ" எண்டு சொல்வது கொடுமை. மெடிக்கெய்டைத் திருப்பி எடுக்கவும் வருசக்கணக்காக வாதாட வேண்டி வந்தது. வகுப்பும் வேணும், போராட்டமும் வேணும்.

இனி எங்கட பக்கம். கனடாவில் தெற்காசியர்களுக்கு நீரிழிவு மற்றவர்களை விடக் கூட. எங்கட வீடுகளில் அம்மாவுக்குத் தவிட்டுப் பாண், மற்ற எல்லாருக்கும் புட்டு. அவ தனிய இருந்து சாப்பிடுறா, அல்லது களவாய்ப் புட்டுச் சாப்பிடுறா. சாதி பார்க்குது எண்டு கோயிலைத் திட்டுகிறோம். திட்டத்தான் வேணும். ஆனால் வெள்ளிக்கிழமை அம்மா அங்கேதான் நிக்கிறா.

ஆகவே என்னுடைய முன்மொழிவு சின்னது. ஒரு கோயில், ஒரு தேவாலயம், ஒரு முதியோர் சங்கம் எண்டு மூன்று இடத்தை எடுப்போம். போன உடனே சர்க்கரைப் பொங்கலை நிப்பாட்டச் சொல்லாதேங்கோ, கலைச்சு விடுவினம். முதலில் ஸ்பிரிங்டேலில் செய்த மாதிரி, "உங்களுக்கு எது முக்கியம்?" எண்டு கேளுங்கோ. அன்னதானத்துக்குச் சமைக்கிறவர்களோடு கதையுங்கோ. சோறு கொஞ்சம் குறைய, மரக்கறியும் பருப்பும் கூட எண்டு அவர்களாகவே யோசிப்பார்கள். இரத்தச் சீனி பார்க்கிற வேலையைத் தாதியர் நாங்கள் பொறுப்பெடுக்கிறோம். மொழிபெயர்க்க, முதியவர்களை வாகனத்தில் கூட்டிவர, காப்புறுதிப் படிவம் நிரப்ப நீங்கள் வேணும்.

பேர் எழுதுகிற தாள் கதவடியில் இருக்கு. தம்பிமாரே, நீங்களும் எழுதுங்கோ. சமையல் எண்ட வரிசைக்குக் கீழேயும்.