முதலில் நடந்தது எது?

(மக்தப் மதரஸா ஆண்டு விழாவில் நம் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

சற்று முன் நம் பிள்ளைகள் இந்த மேடையில் கிராஅத் ஓதினார்கள், துஆக்களை ஒப்புவித்தார்கள். மாஷா அல்லாஹ், உள்ளம் குளிர்ந்தது. ஆயினும் ஒப்புவிக்கத் தெரிந்த பிள்ளைக்கு, நடந்ததை நடந்த வரிசையில் சொல்லத் தெரிகிறதா? இவ்வாண்டு வகுப்பில் அதைச் சோதித்துப் பார்த்தோம். அப்போது கண்டதையே உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

மூன்றாம் வகுப்பு மாணவர் ஒருவரிடம் நபிகளாரின் வரலாற்றைச் சொல்லக் கேட்டோம். மக்கா வெற்றிக்குப் பிறகு நபி (ஸல்) அவர்கள் தாயிஃபுக்குச் சென்றார்கள், அங்கே கல்லால் அடித்தார்கள் என்றார். மற்றப் பிள்ளைகள் சிரித்துவிட்டனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெனில் அந்தப் பிள்ளை முழுவதும் தவறவில்லை. வரலாற்றில் தாயிஃப் இரண்டு முறை வருகிறது.

நபித்துவத்தின் 10ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 619. அன்னை கதீஜா (ரலி) அவர்களும், பெரிய தந்தை அபூதாலிபும் மறைந்த துயர ஆண்டு அது. ஆதரவு தேடி, ஸைத் இப்னு ஹாரிஸா (ரலி) ஒருவரை மட்டும் துணையாகக் கொண்டு தாயிஃப் சென்றார்கள். கல்லடி பட்டுத் திரும்பினார்கள். அவ்வூராரை அழித்துவிடவா என்று மலைகளின் வானவர் கேட்டபோது, இவர்களின் சந்ததியிலிருந்து அல்லாஹ்வை மட்டும் வணங்குவோர் தோன்றுவார்கள் என்று தாம் எதிர்பார்ப்பதாகக் கூறி மறுத்தார்கள். இது முதல் தாயிஃப். மக்கா வெற்றியும் ஹுனைன் போரும் முடிந்த ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில் பெரும் படையுடன் சென்று அதே ஊரை முற்றுகையிட்டார்கள். பின்னர் முற்றுகையை விலக்கிக்கொண்டார்கள். இது இரண்டாம் தாயிஃப். ஹிஜ்ரி 9இல் தாயிஃபின் ஸகீஃப் கூட்டத்தார் தாமாகவே மதீனாவுக்கு வந்து இஸ்லாத்தை ஏற்றார்கள்.

இவற்றை வரிசையாகக் கேட்ட பிள்ளைக்கு ஒன்று புரிகிறது: இரத்தம் வழிந்த நாளில் சொன்ன சொல், ஏறத்தாழ 11 ஆண்டுகள் காத்திருந்து நிறைவேறியது. முன்னதைப் பின்னதாக மாற்றிவிட்டால் காத்திருப்பே மறைந்துவிடும். மக்கா வெற்றியன்று வழங்கிய பொது மன்னிப்பும் அப்படித்தான். அதற்கு முந்திய இருபது ஆண்டுகளின் ஊர்விலக்கும் பசியும் தெரியாத பிள்ளைக்கு அது ஒரு வரிச் செய்தி.

பெரிய பிள்ளைகள் விஷயத்தில் இதில் ஆபத்தும் உண்டு. கைப்பேசியில் ஒரு நிமிடத் துணுக்காக ஓர் ஆயத்து வருகிறது. அது மக்காவில் இறங்கியதா, மதீனாவிலா, அதற்கு முன் என்ன நடந்தது என்பது அதில் இராது. மக்காவில் 13 ஆண்டுகள் பொறுமையே கட்டளையாக இருந்தது. வீடுகளை விட்டு அநியாயமாக வெளியேற்றப்பட்ட பின்னரே போருக்கு அனுமதி வந்தது. இந்த வரிசை தெரியாத இளைஞரை எவரும் எந்தப் பக்கமும் இழுத்துச் செல்லலாம்.

முஸ்ஹஃபின் வரிசையே இறங்கிய வரிசை என்று நம் பிள்ளைகளில் பலர் எண்ணுகிறார்கள். முதலில் இறங்கிய ஐந்து ஆயத்துகள் 96ஆம் அத்தியாயமான அலக்கில் உள்ளன. இரண்டாவதாக அமைந்துள்ள பகராவோ மதீனாவில் இறங்கியது. மூஸா (அலை) அவர்களின் வரலாறு பல அத்தியாயங்களில் பிரிந்து கிடக்கிறது. திருமறை நேர்வழி காட்டவே வந்தது. ஆண்டுவாரியாக வரலாறு எழுத வரவில்லை. எனவே அதைக் கோத்துக் கொடுப்பது உஸ்தாதுமார்களின் பொறுப்பாகிறது.

எனினும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே வரலாறு வரிசையாகச் செல்லும் அத்தியாயம் ஒன்று உண்டு. 111 ஆயத்துகள் கொண்ட ஸூரத்து யூஸுஃப். அதைக் கொண்டே பயிற்சியைத் தொடங்கினோம். நபிமார்களை வரைவது நமக்கு ஆகாது. சட்டையை வரையலாம் அல்லவா? மூன்று அட்டைகளில் மூன்று சட்டைகள். ஒன்றில் இரத்தக் கறை. ஒன்று பின்புறம் கிழிந்தது. ஒன்று வெள்ளைச் சட்டை. அது தந்தை யஃகூப் (அலை) அவர்களின் முகத்தில் போடப்பட்டுப் பார்வை திரும்பியது. முதலில் எது, அடுத்து எது என்று அடுக்கச் சொன்னோம். பிறகு கிணறு, சிறைச்சாலை, அரசரின் கனவு, தானியக் களஞ்சியம் என அட்டைகளைக் கூட்டினோம். சில நாட்கள் கழித்து ஓர் அட்டையை ஒளித்துவிட்டு, இடையில் விடுபட்டது எது என்று கேட்டோம். இதில்தான் பிள்ளைகள் அதிகம் திணறினார்கள். அதிகம் கற்றதும் இதில்தான்.

இரண்டாம் சட்டை தனியாகவே ஒரு பாடம். முன்புறம் கிழிந்திருந்தால் அப்பெண் சொல்வது உண்மை, பின்புறம் கிழிந்திருந்தால் அவர் சொல்வது உண்மை என்று அந்த வீட்டாரில் ஒருவர் தீர்ப்புக் கூறினார். யார் முன்னே ஓடினார், யார் பின்னே வந்தார் என்பதைத் துணியே சொல்லிவிட்டது. முதல் சட்டை இதற்கு நேர்மாறு. சகோதரர்கள் தந்தையிடம் சொன்ன கதையில் வரிசை குறைவற்றது: ஓடி விளையாடச் சென்றோம், யூஸுஃபைப் பொருட்களிடம் விட்டோம், ஓநாய் தின்றுவிட்டது. ஆனால் ஓநாய் தின்றதாகச் சொன்னவரின் சட்டை கிழியவில்லை என்று விரிவுரையாளர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். வரிசையாகச் சொல்லப்பட்டதெல்லாம் உண்மையாகிவிடாது. பத்து வயதுப் பிள்ளைகள் இதைத் தாமாகவே கண்டுபிடித்தபோது நாம் வியந்துபோனோம்.

இப்போது நம்முடைய குறை ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு நாள் மாலை ஹவுள் ஓரத்தில் சிறுவன் ஒருவன் முழங்கால் சிராய்ப்புடன் அழுதுகொண்டிருந்தான். யார் செய்தது என்று கேட்டோம். பெரிய பையன் ஒருவன், "நான்தான் உஸ்தாத் தள்ளினேன்" என்றான். அவனுக்கும் அழுகை, மேற்கொண்டு பேச வரவில்லை. ஒப்புக்கொண்டுவிட்டான் என்று முடிவு செய்து, வகுப்பு முடியும் வரை நிற்க வைத்தோம். மறுநாள் அவனை அருகில் அமர்த்தி, "மதரஸா வாசலில் செருப்பைக் கழற்றியதிலிருந்து சொல்" என்றோம். தொப்பி தண்ணீரில் விழுந்தது. சிறுவன் எட்டி எடுக்கக் குனிந்தான். பாசியில் கால் வழுக்கியது. இவன் அவனை உள்பக்கமாகத் தள்ளிவிட்டான். அந்தப் பிள்ளை கடைசியில் நடந்ததை முதலில் சொன்னான். நாமும் அதற்கு முன் நடந்ததைக் கேட்கவில்லை. வகுப்பார் முன்னிலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம்.

நம் ஜமாஅத் விசாரணைகளிலும் பெரியவர்கள் பலர் நடுவிலிருந்தே தொடங்குகிறார்கள். அதைப் பற்றி இங்கு விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை, நிர்வாகிகள் அறிவார்கள்.

பெற்றோர்களே! கடிகாரம் பார்க்கத் தெரியாத பிள்ளைக்கும் ஐந்து வக்து தெரியும். "அது அஸருக்கு முன்பா, பின்பா?" என்று கேளுங்கள். உளூவில் முகத்திற்கு முன் காலைக் கழுவும் தம்பியைத் திருத்தத் தெரிந்த பிள்ளைக்கு இதுவும் வரும். ஷாஃபிஈ மத்ஹபில் அந்த வரிசை ஃபர்ளு, ஹனஃபியில் சுன்னத். இரு வீட்டுப் பிள்ளைகளும் அதைப் பழகியே இருக்கிறார்கள். பிள்ளை சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள். முடித்த பின், "அதற்கு முன்?" என்று மட்டும் கேளுங்கள்.

அடுத்த ஆண்டு நபி வரலாற்றையும் இவ்வாறே அட்டைகளில் கொண்டுவர எண்ணியுள்ளோம், இன்ஷா அல்லாஹ். யானை ஆண்டு முதல் இறுதி ஹஜ் வரை. அதற்கு நிறைய அட்டைகள் வேண்டும். வீட்டில் சேர்ந்துள்ள பழைய நிக்காஹ் அழைப்பிதழ்களைக் கொடுத்தனுப்புங்கள். பின்பக்கம் வெறுமையாக இருந்தால் போதும். பிஸ்மில்லாஹ் அச்சிட்ட பகுதியை மட்டும் முதலிலேயே தனியே எடுத்துவிடுங்கள். வஸ்ஸலாம்.